‘ஃபிட்டிங் இலவசம்’ என்றால் எதுவரை? கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் சோலார் ஹீட்டர் மாட்டும் சேவை

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி எந்த ஊர் ஹார்டுவேர் தெருவில் நடந்தாலும் கடை வாசலில் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் ஹீட்டர் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் ‘200 லிட்டர், ஃபிட்டிங் இலவசம்’ என்று ஓர் அட்டை. விலை பேசி முடித்தால் மறுநாள் பத்து மணிக்குக் குட்டி யானையில் சாமானோடு இரண்டு பேர் வந்து இறங்குவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இங்கே எடைபோடுவது எந்தப் பிராண்டையும் அல்ல, அந்த நான்கு மணி நேரத்தை. பெட்டிக்குள் வரும் சாமான் கடைக்குக் கடை பெரிதாக மாறுவதில்லை. மாட்டுகிற கை மாறினால் எல்லாமே மாறிவிடுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்டாண்டை நிறுத்தி டேங்கை ஏற்றுகிற வேலையை இந்த ஆட்கள் நன்றாகவே செய்கிறார்கள். தினமும் அதையே செய்கிற கை. போல்ட் எண்ணிக்கைகூட மனப்பாடம். கோளாறெல்லாம் அதற்கு வெளியே இருக்கிறது: குளிர்தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சுடுதண்ணீர் எதன் வழியாக இறங்குகிறது, என்ன தண்ணீர், எந்த நேரத்தில் விட்டார்கள். ‘இலவசம்’ என்ற சொல் பெரும்பாலும் டேங்கின் வாயோடு நின்றுவிடுகிறது.

மதியம் ஒரு மணிக்குத் தண்ணீர் விட்டால்

அரைநாள் வேலையின் முதல் பிழை கடிகாரத்தில் இருக்கிறது. பத்து மணிக்கு ஆரம்பித்தால் குழாய்களைச் செருகி முடிக்கும்போது உச்சி வெயில். இரட்டைக் கண்ணாடிச் சுவருக்கு நடுவே காற்று உறிஞ்சப்பட்ட குழாய் அது. தண்ணீர் இல்லாமல் வெயிலில் கிடந்தால் உள்சுவர் 200 டிகிரியைத் தாண்டும். அதற்குள் டேங்க் தண்ணீரைத் திறந்துவிட்டால் கண்ணாடி தாங்காது. சில சமயம் ‘டப்’ என்று அப்போதே உடையும். அது நல்லது, கடைக்காரர் மாற்றித் தருவார். மெல்லிய கீறலோடு நின்று, ஆள் போன பிறகு உடைவதுதான் தொல்லை. அப்போது ‘கல்லு விழுந்திருக்கும் சார்’ என்பார்கள்.

விவரம் தெரிந்த குழு இதே வேலையை வேறு வரிசையில் செய்கிறது. காலை ஏழு மணிக்கு ஸ்டாண்ட், எட்டரைக்கு டேங்க், அதன் பிறகு வெயில் ஏறும் வரை குழாய் இணைப்புகள். கண்ணாடிக் குழாய்கள் அட்டைப் பெட்டியிலேயே நிழலில் இருக்கும். அவர்கள் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டு மாலை ஐந்துக்குத் திரும்பி வந்து, வெயில் தணிந்த பிறகு செருகி, உடனே தண்ணீர் நிரப்புவார்கள். இரவு முழுவதும் தண்ணீர் குளிர்ந்தே நிற்பதால் ஒட்டிய ஜாயின்ட்டுகளும் நன்றாக இறுகும். ரப்பர் வளையத்தில் கசிவு இருந்தால் காலையில் ஈரம் காட்டிக்கொடுக்கும். மொத்த உழைப்பு அதே நான்கு மணி நேரம்தான். இரண்டு வீடுகளை ஒரே நாளில் முடிக்கிறார்கள், இரண்டிலும் கண்ணாடி உடையவில்லை. மதியமே செருகியாக வேண்டிய கட்டாயம் என்றால் தார்ப்பாய் போட்டு மூடி, குழாய் ஆறிய பிறகு தண்ணீர் விட வேண்டும். கடையில் ஆர்டர் கொடுக்கும்போதே ‘எத்தனை மணிக்குத் தண்ணீர் நிரப்புவீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

செருகும் முறையிலும் பார்க்க வேண்டியது உண்டு. 200 லிட்டருக்கு 58 மில்லிமீட்டர் தடிமனும் 1800 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குழாய் வழக்கமாக 20 வரும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, முதல் குழாயையும் கடைசிக் குழாயையும் செருகிப் பார்த்து, கீழ்க் கிண்ணத்தில் நேராக உட்கார்ந்தால்தான் ஸ்பேனர் போட வேண்டும். ஸ்டாண்டை முதலிலேயே இறுக்கிவிட்டால் ஏழாவது எட்டாவது குழாய் சாய்ந்து, சிலிக்கான் வளையம் ஒரு பக்கம் பிதுங்கும். அங்கேதான் சொட்டும். வளையத்துக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ எண்ணெயோ தடவுகிறவர்களைத் தடுத்துவிடுங்கள், நாளடைவில் வளையம் உப்பிக் கெட்டுவிடும். குழாயைச் சுழற்றிக்கொண்டே மேலே தள்ளி, பிறகு கீழே இறக்கி உட்கார வைப்பதுதான் முறை. அடிப்பக்கம் வெள்ளி நிறத்தில் மின்ன வேண்டும். வெளுத்துப் பால் நிறமாக இருந்தால் உள்ளே வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். பெட்டியைப் பிரிக்கும்போதே இதைப் பார்த்து ஒதுக்கிவிடலாம். மாட்டி மாதக்கணக்கான பிறகும் இதே சோதனை செல்லும்: நல்ல வெயிலில் வெளிக்கண்ணாடியைத் தொட்டால் சுடக் கூடாது. சுட்டால் அந்தக் குழாய் வீட்டைச் சூடாக்கவில்லை, வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது.

பெட்டியில் வராத சாமான்

விலைச் சீட்டில் டேங்க், குழாய், ஸ்டாண்ட், வளையம் இருக்கும். இல்லாதவற்றை வீட்டுக்காரர்தான் வாங்க வேண்டும், அல்லது ‘எக்ஸ்ட்ரா’ என்று கடைசியில் எழுதுவார்கள். ஒரு மாடி வீட்டில், குளியலறை 15 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்தால், வேண்டியது ஏறக்குறைய இவ்வளவு: குளிர்தண்ணீருக்கு 1 அங்குலக் குழாய் 4 மீட்டர், சுடுதண்ணீருக்கு முக்கால் அங்குலம் 15 மீட்டரும் வெட்டுச் சேதாரத்துக்கு ஒன்றரை மீட்டரும், பித்தளை பால் வால்வு 2, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு 1, வெட்டாமல் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பான யூனியன் 2, பித்தளை மரை வைத்த அடாப்டர் 4, டேங்குக்குக் காற்று போய் வர வென்ட் பைப் இரண்டரை மீட்டர், எல்போ பத்துப் பன்னிரண்டு. யூனியனை மிச்சம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு டேங்கைக் கழற்ற வேண்டி வந்தால் ஹேக்சா பிளேடுதான் யூனியன்.

வென்ட் பைப்புக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தச் சேவையில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது அதுதான். குளிர்தண்ணீர் டேங்க் நிரம்பி நிற்கும் மட்டத்துக்கு மேலே குறைந்தது ஓர் அடி அந்தக் குழாய் உயர வேண்டும். வாய் திறந்திருக்க வேண்டும். நடுவில் வால்வு கூடாது. நுனி கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். உயரம் குறைந்தால் இரவெல்லாம் தண்ணீர் ஒழுகும். ஒழுகுகிறது என்று யாராவது மூடி போட்டு அடைத்துவிட்டால் கதை மோசம்: கீழே குழாயைத் திறந்ததும் டேங்கில் காற்று புக வழியில்லாமல், மெல்லிய ஸ்டெயின்லெஸ் உள்தகடு உள்ளே இழுத்துச் சுருங்கும். சப்பளிந்த டேங்குக்கு உத்தரவாதம் கிடையாது.

இங்கே நம் ஊர் வீடுகளின் அமைப்பு ஒரு சிக்கல் தருகிறது. பிளாஸ்டிக் டேங்கை ஒன்று மொட்டை மாடித் தரையிலேயே வைத்திருப்பார்கள், இல்லையென்றால் மாடிப்படி ரூமின் தலைமேல். தரையில் இருந்தால் சோலார் டேங்கே அதைவிட உயரம், தண்ணீர் ஏறாது. குளிர்தண்ணீர் டேங்கின் அடிமட்டம் சோலார் டேங்கின் தலைக்கு மேலே இருந்தாக வேண்டும். ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து ஐந்து அடி வருகிறது என்றால் ஆறு அடிக்கு மேல் மேடை கட்ட வேண்டும். படி ரூம் தலைமேல் இருந்தால் எதிர்ப்பக்கத் தொல்லை: நிரம்பிய டேங்க் மட்டம் 13 அடி, சோலார் டேங்கின் அடி 4 அடி என்றால் ஒன்பது அடித் தண்ணீர் அழுத்துகிறது, அதாவது கால் ‘பார்’ என்ற அழுத்த அளவுக்கு மேல். அழுத்தம் தாங்காத ரக ஹீட்டருக்குக் கம்பெனி கையேட்டில் அதிகபட்ச உயரம் எழுதியிருப்பார்கள், பிரித்துப் பாருங்கள். மீறினால் சிலிக்கான் வளையங்கள் ஒவ்வொன்றாகச் சொட்ட ஆரம்பிக்கும். தீர்வு பெரிதில்லை. மிதவை வால்வு வைத்த 50 லிட்டர் சின்ன டேங்க் ஒன்றை சோலார் டேங்கின் தலைக்குச் சற்று மேலே நிறுத்தி, பெரிய டேங்கிலிருந்து அதற்கும், அதிலிருந்து ஹீட்டருக்கும் கொடுத்தால் போதும். வென்ட் பைப்பும் கொடிமரம் மாதிரி நிற்க வேண்டியதில்லை. இதைத் தாமாகவே சொல்கிற ஃபிட்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு சின்ன வேலை, பத்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. பெரிய டேங்கில் ஹீட்டருக்கான துளையை அடியிலும், வீட்டுக் குழாய்களுக்கான துளையை அதைவிட அரை அடி மேலேயும் போட வேண்டும். தண்ணீர் தீரும்போது முதலில் சமையலறைக் குழாய் நின்றுவிடும்; ஹீட்டருக்கு மட்டும் 1000 லிட்டர் டேங்கில் நூறு லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் கோடையில் போர் வற்றுகிற நாளில் கண்ணாடிக் குழாயும் வறண்டு காயும். சாயங்காலம் மோட்டார் போட்டதும் பழைய ‘டப்’.

தண்ணீர்தான் இங்கே மேஸ்திரி

வேறு மாவட்டத்தில் இந்த விமர்சனம் குழாயோடு முடிந்திருக்கும். இங்கே தண்ணீரைப் பேசாமல் விட முடியாது. இரண்டு மாவட்டங்களிலும் போர் தண்ணீரில் உப்பும் கடினமும், மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடும் தெரிந்த சங்கதி. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் போடப்பட்டு 2013ல் தண்ணீர் வர ஆரம்பித்தது. ஆனால் அந்தக் காவிரித் தண்ணீர் குடத்துக்குப் போகிறது. மாடி டேங்குக்கு ஏறுவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். ஹீட்டர் குடிப்பதும் அதைத்தான்.

கடினத் தண்ணீர் சூடானால் அதிலுள்ள பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாகப் படிகிறது. ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்: லிட்டருக்கு 400 மில்லிகிராம் அப்படிப்பட்ட கடினம், நாளுக்கு 200 லிட்டர். மொத்தம் 80 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு படிந்தாலே நாளுக்கு 8 கிராம், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ. அவ்வளவு சுண்ணாம்பு டேங்கின் அடியிலும் குழாய்களின் அடியிலும், மின்சாரத் துணைக் காயில் இருந்தால் அதிலும் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு விற்பனையாளர்கள் செய்வது டிடிஎஸ் மீட்டரை நனைத்துக் காட்டுவது. அது மொத்த உப்பைச் சொல்லும், கடினத்தைத் தனியாகச் சொல்லாது. சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுவதை எண்ணுகிற கடினச் சோதனை கிட் ஒன்று கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500 கடினத்துக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்றும் சொல்கிறது. அது குடிக்கிறவனுக்கான அளவு. ஹீட்டருக்கு 600 மிக அதிகம்.

எந்த ரகம் வாங்குவது என்பதும் இங்கேயே முடிவாகிறது. செம்புக் குழாய் பதித்த தட்டைப் பேனல் உறுதியானது, கண்ணாடி உடையும் பயம் குறைவு. ஆனால் அதன் உள்குழாய்கள் அரை அங்குலத் தடிமன்தான். போர் தண்ணீரை நேராக விட்டால் சுண்ணாம்பு அடைத்துவிடும். பேனலுக்குள் நல்ல தண்ணீர் தனிச் சுற்றாகச் சுற்றி, டேங்கில் வெப்பத்தை மட்டும் மாற்றுகிற மாடலாக இருந்தால் மட்டுமே இந்தப் பக்கம் வாங்கலாம். கண்ணாடிக் குழாயின் உள்வாய் அகலம் என்பதால் அடைப்பதில்லை, சுண்ணாம்பு அடியில் போய்ச் சேர்கிறது. ஆகவே கடைகளில் கண்ணாடிக் குழாய் ரகம் அதிகம் நிற்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே பலவீனம் டேங்க். தண்ணீரில் குளோரைடு அதிகம் என்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் தகட்டை வெல்டிங் ஓரத்தில் ஊசித்துளை போட்டுவிடும். 316எல் ரகம் தாக்குப்பிடிக்கும், விலை கூடும். பல உத்தரவாத அட்டைகளில் தண்ணீரின் உப்பளவு பற்றி ஒரு வரி இருக்கும். ‘ஐந்து வருடம்’ என்ற பெரிய எழுத்தைவிட அந்தச் சின்ன எழுத்து முக்கியம்.

கடினத்தை நீக்கும், உப்பைப் போட்டுக் கழுவுகிற ரெசின் சாஃப்ட்னரை ஹீட்டர் லைனுக்கு மட்டும் வைப்பது நல்ல செலவு. வீட்டுக்கே வைத்தால் கழிப்பறைக்கும் செடிக்கும் உப்பைக் கொட்டுவதுதான் மிச்சம். சாஃப்ட்னர் ஃபுளோரைடை எடுக்காது. காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடத்தான் செய்யும். ‘சுடுதண்ணி ரெடியா வருதே, கேஸ் மிச்சம்’ என்று சோலார் தண்ணீரில் உலை வைக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. மாட்டுகிறவர்கள் போகும்போது ‘இது குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும்’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகலாம். யாரும் சொல்வதில்லை.

சுடுதண்ணீர் இறங்கும் வழி

மாட்டிய ஆறு மாதத்தில் வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான். முதலாவது, குழாயின் ரகம். சுடுதண்ணீருக்கான மஞ்சள் நிற பிளாஸ்டிக் குழாயான சிபிவிசி வீட்டுக்குள் அருமையான பொருள். 82 டிகிரி வரை அழுத்தத்தோடு தாங்கும். ஆனால் சித்திரை வைகாசியில் இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டால் 200 லிட்டரும் 90 டிகிரியைத் தொடலாம். ஆகவே டேங்கிலிருந்து இறங்கும் முதல் ஐந்தாறு அடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயாகவோ அலுமினியம் உள்ள கலப்புக் குழாயாகவோ இருப்பது பாதுகாப்பு. சாதாரண வெள்ளை பிவிசி கூடவே கூடாது. பிவிசி சிமென்ட்டால் சிபிவிசியை ஒட்டுகிறவரும் உண்டு. ஒரு பருவம் தாங்கும், பிறகு எல்போ தனியாகக் கழன்று வரும். முறையான ஜாயின்ட் என்றால் குழாயை நேராக வெட்டி, பிசிறு எடுத்து, இரண்டு பக்கமும் சிபிவிசி சிமென்ட் தடவி, செருகிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் பலர் வேகம் காட்டுகிறார்கள்.

இரண்டாவது, நீட்சி. 10 மீட்டர் சிபிவிசி 50 டிகிரி சூடேறினால் சுமார் 3 சென்டிமீட்டர் நீளும். நேர்க்கோட்டில் ஓட்டி, அங்கங்கே இறுக்கமாகக் கிளாம்ப் அடித்து, கடைசியில் சுவருக்குள் புதைத்துவிட்டால் அந்த 3 சென்டிமீட்டர் எங்கே போகும்? எல்போவை உடைத்துக்கொண்டு போகும். நடுவில் ஒரு ‘ப’ வடிவ வளைவு கொடுத்து, கிளாம்பைக் குழாய் வழுக்கும்படி விட வேண்டும். பார்க்க அழகில்லை என்று வீட்டுக்காரரே வேண்டாம் என்பார். அழகு பார்க்கிற இடம் அதுவல்ல.

மூன்றாவது, தடிமன். ‘ஒரு இஞ்ச் போட்டா ஃபோர்ஸ் நல்லா வரும்’ என்பது எல்லோரும் சொல்கிற யோசனை. குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர் முதலில் வெளியே வந்தால்தான் சூடு வரும். முக்கால் அங்குல சிபிவிசியில் மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கிறது. 15 மீட்டருக்கு நாலு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு அங்குலம் என்றால் ஆறரை லிட்டர். தினமும் நான்கு பேர் தனித்தனி நேரத்தில் குளித்தால் நான்கு முறை அவ்வளவும் சாக்கடைக்கு. தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் முக்கால் அங்குலமே போதும். தூரம் அதிகமென்றால் டேங்கைக் குளியலறைக்கு நேர்மேலே கொண்டுவருவதுதான் சரியான யோசனை.

சூடு ஆறாமல் குழாயை மூடுகிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறை எல்லோரும் போடுகிறார்கள். வெறுமனே வெயிலில் விட்டால் புற ஊதாக்கதிர் பட்டு வெடித்து உதிரும். மேலே அலுமினியத் தாளோ துணியும் பூச்சுமோ வேண்டும். எல்போவிலும் வால்விலும் உறை போடாமல் நேர்க்குழாய்க்கு மட்டும் போட்டிருந்தால் மாட்டியவர் அவசரத்தில் இருந்தார் என்று பொருள்.

சுடுதண்ணீர்க் குழாய் டேங்கிலிருந்து கீழ்நோக்கியே போக வேண்டும். கைப்பிடிச் சுவரைத் தாண்ட மேலே ஏற்றி இறக்கினால் அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். குழாயைத் திறந்தால் இருமல் மாதிரி விட்டுவிட்டு வரும். வேறு வழியில்லை என்றால் மேட்டின் உச்சியில் காற்றுப் போக்கி வைக்க வேண்டும்.

இப்போது புதிதாக முளைத்திருக்கும் கோளாறு ஒன்று உண்டு: பிரஷர் பம்ப். புது வீடுகளில் குளிர்தண்ணீர் லைனுக்குப் பம்ப் வைத்து இரண்டு பார் அழுத்தம் கொடுத்திருப்பார்கள். சோலார் தண்ணீர் மேலிருந்து சும்மா இறங்குகிறது. மிக்ஸரில் இரண்டும் சந்திக்கும்போது பலமுள்ளது பலமில்லாததைத் தள்ளுகிறது. குளிர்தண்ணீர் சுடுகுழாய் வழியாக மாடிக்கே ஏறி, சோலார் டேங்கை நிரப்பி, வென்ட் வழியாக மொட்டை மாடியில் கொட்டும். சூடும் போச்சு, பம்பும் நிற்காமல் ஓடும். சோலார் ஆளைக் கேட்டால் பம்ப் போட்டவர் தப்பு என்பார், அவர் இவரைக் காட்டுவார். இரண்டு லைனும் ஒரே உயரத்து டேங்கிலிருந்து வர வேண்டும், அல்லது மிக்ஸருக்கு முன்னால் சுடுலைனில் நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். அதுவும் ஸ்பிரிங் வைத்தது கூடாது, மடல் மாதிரி திறப்பது. ஸ்பிரிங்கைத் தள்ளும் பலம் மேலிருந்து இறங்கும் தண்ணீருக்கு இல்லை. ஆனால் அந்த வால்வும் கலப்புக்குத் தீர்வல்ல. பம்ப் ஓடும்போது சுடுதண்ணீர் வராமலே நிற்கும். அழுத்தத்தைச் சமன்செய்வதே முழு வைத்தியம்.

இடம், நிழல், பாரம்

இதில் பெரும்பாலான குழுக்கள் தேர்ச்சி. தெற்கு பார்க்க வைக்கிறார்கள், கைப்பேசியில் திசைமானி இருக்கிறது. தவறுவது மார்கழி நிழலில். இந்த அட்சரேகையில் மார்கழி நடுவில் உச்சி வெயிலே 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். காலை ஒன்பது மணி வாக்கில் 33 டிகிரி. அப்போது ஒரு சுவரின் நிழல் அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளும். சுடுதண்ணீர் அதிகம் வேண்டியிருக்கிற மாதமும் அதுதான். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரிலும், அதற்குத் தெற்கே தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமும் இதை விட்டால் குளிரில் வெதுவெதுப்புக்கூடக் கிடைக்காது.

பாரத்தைக் கேட்பதே இல்லை. டேங்கில் 200 லிட்டர், குழாய்களில் மட்டும் 50 லிட்டருக்கு மேல், இரும்பும் கண்ணாடியும் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். நான்கு கால்களும் பீம் மேலோ சுவர் மேலோ வர வேண்டும். தட்டு ஓடு பதித்த தளத்தில் துளை போட்டு ஆங்கர் அடிப்பவரை நிறுத்துங்கள். மழைக்காலத்தில் கீழ் அறையில் ஒழுகும். முன்பே வார்த்த ஓரடிச் சதுர கான்கிரீட் கட்டைகளைக் கொண்டுவந்து அதில் ஸ்டாண்டை முடுக்குகிற குழுவுக்குத் தனிப் பாராட்டு. சிமென்ட் காயக் காத்திருக்க வேண்டாம், தளமும் தப்பிக்கும். தளம் காயாமல் நனையும் இடம் என்றால் கட்டைக்கு அடியில் ரப்பர் ஷீட்.

யார் வேகம், யார் அவசரம்

வேகமான குழு முந்தைய நாளே அரை மணி நேரம் மாடியில் ஏறி இறங்கியிருக்கும். டேப், கடினக் கிட், நாலைந்து புகைப்படம். எல்போ எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு போவார்கள். மறுநாள் கடைக்கு ஒருமுறைகூட ஓட மாட்டார்கள். அவசரக் குழு சாமானோடு வந்த பிறகுதான் மாடியைப் பார்க்கும்; முக்கால் அங்குல யூனியன் ஒன்றுக்காக பைக்கில் போய் வர ஒரு மணி நேரம். ராயக்கோட்டை, அஞ்செட்டி மாதிரி இடங்களில் போய் வருவதிலேயே பாதி நாள் போகும், அந்த நேரத்தை ஜாயின்ட்டில் மிச்சம் பிடிப்பார்கள். ‘முன்னாடி வந்து பார்ப்பீங்களா?’ என்ற கேள்விக்கு ‘தேவையில்லைங்க, எங்களுக்குத் தெரியும்’ என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

மின்சாரத் துணைக் காயில் தருகிறேன் என்பார்கள். 200 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 8 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 2 கிலோவாட் காயிலுக்கு நான்கு மணி நேரம். ஐப்பசி அடைமழையில் காலை ஒரு குளியலுக்காக அவ்வளவும் சூடாக்குவது வீண். குளியலறையில் தனியாக 15 லிட்டர் கெய்சர் இருந்தால் அரை யூனிட்டைச் சற்றுத் தாண்டும், 2 கிலோவாட்டில் 18, 19 நிமிடம். வாடகை வீட்டுக்கும் இரண்டு பேர் வீட்டுக்கும் சோலாரே வேண்டாம், இது போதும்.

கெய்சர் மாட்டும் சேவை பொதுவாகப் பரவாயில்லை. மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். 2 கிலோவாட் என்றால் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் சொருகக் கூடாது, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் 30 மில்லியாம்பியர் மின்கசிவுக் காப்பும் வேண்டும். எர்த் வயர் சும்மா தொங்குகிறதா, மண்ணில் சேர்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது, பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று அதை அடைக்காதீர்கள். 15 லிட்டர் தண்ணீர் 25லிருந்து 65 டிகிரிக்குப் போனால் கால் லிட்டர் பெருகும். பின்னோக்கிப் போக வழியில்லாத லைனில் அந்தக் கால் லிட்டர் அந்த வால்வு வழியாகத்தான் வரும். அது கோளாறு அல்ல, அதன் வேலை. ஒரு சின்ன டியூபைச் சாக்கடை வரை விட்டால் போதும்.

வருடத்துக்கு ஒருமுறை

விற்பனைக்குப் பிந்தைய சேவைதான் இந்தத் தொழிலின் மோசமான பகுதி. ‘வருட சர்வீஸ்’ என்று வந்து வெளிக்கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டுப் போகிறார்கள். தூசி மழையில் போகும். செய்ய வேண்டியது உள்ளே இருக்கிறது. டேங்கின் வடிகால் மூடியைத் திறந்தால் டேங்க் மட்டும்தான் காலியாகும், குழாய்க்குள் இருப்பது வராது. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கவிழ்த்தால்தான் சுண்ணாம்புக் குழம்பு வெளியே வரும். கடினத் தண்ணீர் வீட்டுக்கு வருடம் ஒருமுறை, சாஃப்ட்னர் இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதிகாலையில் ஆரம்பிக்க வேண்டும், வெயிலேறும் முன் தண்ணீர் திரும்ப நிரம்பியிருக்க வேண்டும். இரண்டு பேர், மூன்று மணி நேரம். ரப்பர் வளையம் புதிது போட வேண்டும். பழையதைத் திரும்பச் செருகினால் சொட்டும். காயிலில் ஒட்டிய சுண்ணாம்புக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். குளியலறை ஆசிட்டை டேங்குக்குள் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு அது விஷம். மெக்னீசியம் தண்டு இருக்கிற மாடல் என்றால் அதையும் கழற்றிப் பார்க்க வேண்டும், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். அந்தத் தண்டு துருவைத் தடுக்கும், சுண்ணாம்பைத் தடுக்காது.

ஒப்பந்தம் போடும்போது ‘குழாய் கழற்றிச் சுத்தம், வளையம் உட்பட’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அந்த ஒப்பந்தம் துணி துடைப்பதற்கு மட்டும்தான். முதல் நாளே அதே அளவுக் குழாய் இரண்டைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். நான்கு வருடம் கழித்து அந்த நீளம் கடையில் இல்லாமல் போகலாம். சுவரில் சாய்த்து நிறுத்தி வைக்காதீர்கள். அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் படுக்க வைப்பதே நல்லது.